மூலைக் கம்பி

ரிம்மா லெவோவ்னாவுக்கு யாரையும் சுலபத்தில் பிடித்துவிடாது. பிடிக்கவில்லை என்பதை அவள் மறைப்பதுமில்லை. வட்டார மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் அவளுக்கு வேலை. "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க" என்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து சொல்வாள். ஆள் பிடிக்காதவராக இருந்தால் "விடுங்க" என்று சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாள் என்று தாழ்வாரத்தில் காத்திருப்பவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அவள் காதுக்கும் வந்தது. அவள் மறுக்கவில்லை.

பிடிக்காதவர்களில் முதலில் மாஸ்கோக்காரர்கள். அவர்களிலும் முதலில், மிலானா துப்ரோவினா என்ற பனிச்சறுக்கு நடனப் பெண்ணின் ரசிகர்கள். அவர்களிலும் முதலில், அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எம்மா கார்லவ்னா. வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், நரிமயிர்த் தொப்பியும் சுத்தமான உச்சரிப்புமாக வருவாள்.

பிடித்தது ஒரே ஆளை. உல்யானா கொரேலவா, பீட்டர்ஸ்பர்கில் பிறந்து பீட்டர்ஸ்பர்கிலேயே பயிற்சி எடுக்கிறவள். முன்பல் விழுந்த வயதில் சிறுவர் போட்டி ஒன்றில் அவள் தொப்பென்று விழுந்தாள், எழுந்தாள், அழாமல் நடுவர்களை ஒரு முறை முறைத்தாள். அந்த முறைப்பு ரிம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அவளுடைய விடுப்பெல்லாம் உல்யானா ஆடுகிற ஊர்களுக்குப் போனது. கணவன் விட்டுப்போனது எந்த வருஷம் என்று கேட்டால், அந்த வருஷம் ஐரோப்பியப் போட்டி எங்கே நடந்தது என்று யோசித்துத்தான் பதில் சொல்வாள். "குழந்தை இல்ல, அதான் இப்படி" என்று ஒருத்தி சொன்னாள். அவளோடு ரிம்மா அதற்குப் பிறகு பேசவில்லை. அந்த ஒருத்தி அவளுடைய சொந்தத் தங்கை.

இந்த ஜனவரியில் ஐரோப்பியப் போட்டி பீட்டர்ஸ்பர்குக்கே வந்தது. ரிம்மாவுக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. அரங்கின் ஆறாம் பிரிவில், மூலையில் இருக்கும் தடுப்புக் கம்பியில், அவளுடைய பதாகை தொங்க வேண்டும்.

ஏன் அந்தக் கம்பி என்பதை அவள் கூட்டத்தில் யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். உல்யானாவின் பெரிய தாவல் லூட்ஸ். அதற்காக அவள் பின்பக்கமாகவே நீளமாக வழுக்கிக்கொண்டு ஒரு மூலைக்குப் போவாள். முதுகு ஒரு மூலைக்கு, முகம் எதிர் மூலைக்கு. பனித்தளத்தின் குறுக்கே அவ்வளவு தூரமும் அவள் கண் பார்த்துக்கொண்டே வருவது அந்த எதிர் மூலையைத்தான். அங்கே சொந்த ஊர்க்காரர்கள் எழுதிவைத்தது தெரிந்தால் பெண்ணுக்குத் தெம்பாக இருக்காதா? இதைக் கண்டுபிடித்தவள் ரிம்மா. மற்ற கூட்டங்கள் தொலைக்காட்சிக் கேமராவுக்கு நேராக இடம் தேடின. ரிம்மா ஒரு பெண்ணின் கண்ணுக்கு நேராகத் தேடினாள்.

டிசம்பரில் நடந்த தேசியப் போட்டியிலும் அப்படி எதிர் மூலை பார்த்துத்தான் கட்டியிருந்தாள். ஆனால் லூட்ஸ் நடக்கவில்லை. மேலே போன உல்யானாவுக்கு, சுற்றுவதற்காக இறுக்கிய உடம்பு நடுவானில் அவிழ்ந்துவிட்டது. மூன்று சுற்றுக்குப் பதில் ஒரு சுற்று. மிலானா முதலிடம், உல்யானா மூன்றாமிடம்.

தாவும் நேரத்தில் யாரோ விசில் அடித்தார்கள். ரிம்மாவுக்குக் கேட்டது. அடித்தது எம்மா கார்லவ்னாதான் என்று அன்றைக்கே இணையத்தில் எழுதினாள். ரசிகர்கள் இரண்டு பட்டார்கள். மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் கேட்டதாகவும் பாதிப்பேர் கேட்கவில்லை என்றும் சத்தியம் செய்தார்கள். எம்மா கார்லவ்னா ஒரே ஒரு பதில் போட்டாள். "எனக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல். என்னால சூடான டீயைக்கூட ஊதி ஆத்த முடியாது, ரிம்மா லெவோவ்னா. மன்னிப்புக் கேளுங்க." ரிம்மா கேட்கவில்லை.

புதுப் பதாகையை ரிம்மாவின் சமையலறையில் தைத்தார்கள். அடர்நீல மழைக்கோட்டுத் துணி. அதில் மஞ்சள் எழுத்துகள். பின்னாலிருந்து விளக்கு ஊடுருவாமலிருக்க, பழைய வெள்ளைப் படுக்கைவிரிப்பை உள்பக்கம் வைத்துத் தைத்தாள் ரிம்மா. அச்சடித்த பதாகையை அவள் மதிப்பதில்லை, அது சோம்பேறிகளுக்கு. வாசகமும் அவளுடையதே: 'உல்யானா, பீட்டர்ஸ்பர்க் உன்னோடு மூச்சுவிடுகிறது.'

எழுத்துகளை வெட்டிக்கொடுத்தவள் ஸோயா, ரொட்டிக்கடைக்காரி, ரிம்மாவோடு இன்னும் சண்டை போடாத ஒரே சிநேகிதி. கடைசி எழுத்து வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"ரிம்மோச்கா, கோவப்படாதே. உல்யானாவோட அம்மா போன் பண்ணாங்க."

"யாருக்கு?"

"எனக்கு."

"உனக்கு எதுக்கு?"

"உனக்குப் பண்ண பயமா இருந்துச்சாம்." ஸோயா கத்தரிக்கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அந்த மூலையில எதுவும் கட்டவேண்டாமாம். பொண்ணு கேட்டுக்கறாளாம்."

ரிம்மா தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"குரல் எப்படி இருந்துச்சு?"

"அம்மா குரல் மாதிரி இருந்துச்சு."

"அந்த அம்மாகிட்ட நீ எத்தனை தடவ பேசியிருக்க?"

"பேசினதில்ல."

"அப்புறம் எப்படித் தெரியும்? எம்மா கார்லவ்னா பள்ளிக்கூடத்துல நாடகமெல்லாம் போட்டவ. யார் குரல்ல வேணா பேசுவா. மூலை காலியானா யாருக்கு லாபம்? அத யோசி மொதல்ல."

"எனக்கு என்னவோ நிஜம்னுதான் தோணுது."

"உனக்குத் தோணறதெல்லாம் நிஜமா இருந்தா உன் புருஷன் இந்நேரம் குடிய நிறுத்தியிருக்கணும்."

ஸோயா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போய், தொப்பியை மறந்துவிட்டுத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

பெண்கள் பிரிவு தொடங்கும் நாள் காலையில், பயிற்சியைப் பார்க்க வருகிறவர்களுக்காக அரங்கைத் திறப்பார்கள். கம்பியைப் பிடிப்பது அப்போதுதான். ரசிகர்களுக்குள் இதற்கு ஒரு சட்டம் இருந்தது. முதலில் யார் கயிற்றைக் கட்டுகிறார்களோ அந்த இடம் போட்டி முடியும்வரை அவர்களுடையது. அடுத்தவர் முடிச்சைத் தொடக் கூடாது. இதை மீறியவர்களை ஒரு கூட்டமும் பிறகு சேர்த்துக்கொள்ளாது. எந்த அரங்குக்கும் இந்தச் சட்டம் தெரியாது; எல்லா அரங்கிலும் அதுதான் நடந்தது.

இருட்டு விலகாத காலை. கதவுக்கு வெளியே பனி கொட்டியது. ரிம்மா முதல் ஆளாக நின்றாள், கைக்குள் சுருட்டிய பதாகை. அவளுக்குப் பின்னால் ஸோயா, இன்னும் முகம் கொடுக்காமல். அவளுக்குப் பின்னால் இரவு ரயிலில் வந்திறங்கிய எம்மா கார்லவ்னாவும் அவள் ஆட்களும்.

"வணக்கம், ரிம்மா லெவோவ்னா. காது நல்லா இருக்கா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்லாத சத்தமெல்லாம் கேக்குதுன்னு சொன்னாங்க. டாக்டர்கிட்ட காட்டலாமே. ஆஸ்பத்திரியிலதான வேலை?"

"ரயில்ல தூங்கலையா, எம்மா கார்லவ்னா? முகமெல்லாம் வீங்கியிருக்கு. உங்க ஊர்ல கம்பியே கிடையாதா, இவ்வளவு தூரம் வந்து தொங்கறீங்க?"

"எங்க ஊர்ல தங்கப்பதக்கம் இருக்கு. கம்பிதான் இல்ல."

பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஸோயாவும் சிரித்துவிட்டாள். ரிம்மா திரும்பிப் பார்த்ததும் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டத் தொடங்கினாள்.

கதவு திறந்தது. ஓடக் கூடாது என்றான் காவலாளி. யாரும் ஓடவில்லை. ஓட்டத்துக்கு ஒரு பிடி குறைவாக நடந்தார்கள். படிகளில் முழங்கைகள் இடித்துக்கொண்டன, ஒருத்தியின் கைப்பை அறுந்து ஆரஞ்சுப்பழங்கள் உருண்டன, அவற்றை யாரும் எடுக்கவில்லை. மூலைக் கம்பியில் ரிம்மா முதல் முடிச்சைப் போட்டபோது எம்மா கார்லவ்னாவின் மூச்சு அவள் பிடரியில் பட்டது.

"தோத்துட்டீங்க" என்றாள் ரிம்மா, திரும்பாமல்.

எம்மா கார்லவ்னா மேல்வரிசையில் உட்கார்ந்துகொண்டு தொப்பியைக் கழற்றி உதறினாள். பனி ரிம்மாவின் மேல் விழுந்தது.

பயிற்சிக்குப் பெண்கள் இறங்கினார்கள். உல்யானா கறுப்பு உடுப்பில் இரண்டு சுற்று வந்தாள். பிறகு திரும்பி, பின்பக்கமாக அந்த நீண்ட வழுக்கலைத் தொடங்கினாள். முகம் ஆறாம் பிரிவைப் பார்த்திருந்தது. ரிம்மா எழுந்து நின்றாள். உல்யானா தாவினாள், அவிழ்ந்தாள், ஒரு சுற்றோடு இறங்கினாள். திரும்பப் போய் இன்னொரு முறை வந்தாள். மறுபடி அதேதான்.

இந்தமுறை ஆறாம் பிரிவில் எல்லோரும் காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். விசில் இல்லை. இருமல்கூட இல்லை.

தடுப்புக்கு அருகே நின்ற பயிற்சியாளர் பாவெல் இக்னாத்யிச் கையிலிருந்த கையுறையைத் தரையில் அடித்தார். உல்யானா அவரிடம் போகவில்லை. நேராகத் தளத்தைக் கடந்து மூலைக்கு வந்து, ரிம்மாவுக்குக் கீழே நின்றாள். இவ்வளவு வருஷத்தில் அவள் ரிம்மாவிடம் பேசப்போவது இதுதான் முதல்முறை.

"நீங்கதான் ரிம்மா லெவோவ்னாவா?"

"நான்தான், கண்ணு."

"இத எடுத்துடுங்க."

ரிம்மாவுக்குப் புரியவில்லை. "யார் சொல்லச் சொன்னாங்க உன்னை?"

"யாரும் சொல்லல. அம்மாவைவிட்டுப் போன் பண்ணச் சொன்னேனே. அவ்வளவு தூரம் இதைத்தான் பாத்துக்கிட்டு வர்றேன். பாக்கக் கூடாதுன்னு நினைச்சாலும் கண்ணு படிச்சிடுது. 'மூச்சுவிடுகிறது'ங்கற இடம் வரும்போது நான் மூச்சை விட்டுடறேன். விட்டா உடம்பு கட்டாது. டிசம்பர்லயும் இதேதான்."

"டிசம்பர்ல வேற வாசகம்" என்றாள் ரிம்மா.

"என்னவோ ஒண்ணு. எழுத்து இருந்தாலே படிச்சிடறேன். தயவுசெய்து எடுத்துடுங்க." அவள் முகத்தில் அந்தப் பழைய முறைப்பு இருந்தது. போய்விட்டாள்.

மேல்வரிசையிலிருந்து எம்மா கார்லவ்னா வகுப்பறைக் குரலில் நிதானமாகக் கேட்டாள்.

"ஆக, டிசம்பர்ல விசில் அடிச்சது ஒரு மழைக்கோட்டுத் துணி. அப்படித்தானே?"

அவள் ஆட்கள் சிரித்த சிரிப்பு தளத்துக்கு அந்தப்பக்கம்வரை போனது. ரிம்மா முடிச்சுகளை அவிழ்க்கக் குனிந்தாள். ஸோயா உதவிக்கு வந்தாள். இரண்டு பேரும் துணியைக் கயிற்றிலிருந்து உருவி எடுத்தார்கள். கயிறுகளைக் கம்பியிலேயே விட்டுவிட்டாள் ரிம்மா.

உடனே எம்மா கார்லவ்னா கீழே இறங்கிவந்தாள். கையில் மிலானாவின் பதாகை. அச்சடித்தது, பெரிய வெள்ளை எழுத்துகள்.

"இடம் காலி. நாங்க கட்டிக்கறோம்."

"கயிறு இருக்கு. தொடாதீங்க."

"துணி இல்லாத கயிறுக்கு இடம் கிடையாது. இது யார் சொன்ன தீர்ப்பு, ஞாபகம் இருக்கா? கஸானிலேர்ந்து வந்த பொண்ணுங்க வெறும் கயிறைக் கட்டி இடம் பிடிச்சுட்டு டீ குடிக்கப் போனப்ப, நீங்கதான அத அறுத்து எறிஞ்சீங்க? எல்லாரும் ஒத்துக்கிட்டோம். அந்தப் பொண்ணுங்க அழுதுச்சுங்க."

அது நிஜம். ரிம்மா அறுத்தாள். அழுகிறதுகளைப் பார்த்துச் சிரித்ததும் நிஜம்.

அவள் எம்மா கார்லவ்னாவின் கையிலிருந்த எழுத்துகளைப் பார்த்தாள். மெல்லத்தான் உறைத்தது. இந்த மூலையில் எழுத்து இருந்தால் உல்யானா படிப்பாள். யாருடைய எழுத்தாக இருந்தால் என்ன? மிலானாவின் பெயரைப் படித்துக்கொண்டே அந்தத் தாவலுக்குப் போவாள். இது எம்மா கார்லவ்னாவுக்கும் இப்போது தெரியும். கீழே நின்று அந்தப் பெண் சொன்னதை மேல்வரிசையிலிருந்து அவளும் கேட்டிருந்தாள்.

"நீங்க வேணும்னே பண்றீங்க" என்றாள் ரிம்மா.

"நான் என் பொண்ணுக்குக் கொடி கட்டறேன். நீங்க உங்க பொண்ணுக்குக் கட்டின மாதிரி. இதுல வேணும்னே என்ன, வேண்டாம்னே என்ன?"

"கேமரா அந்தப்பக்கம் இருக்கு. மிலானா இந்த மூலையப் பாக்கறதே இல்ல. இங்க கட்டி உங்களுக்கு என்ன லாபம்?"

"காத்தோட்டமா இருக்கு" என்றாள் எம்மா கார்லவ்னா.

ஸோயா ரிம்மாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "மன்னிப்புக் கேட்டுடேன். டிசம்பர் விஷயத்துக்கு. ஒரு வார்த்தை. விட்டுடுவாங்க."

"விடமாட்டா."

"கேட்டுத்தான் பாரேன்."

"கேட்டா விட்டுடறேன்" என்றாள் எம்மா கார்லவ்னா. அவள் குரலில் விளையாட்டு இல்லை. "எல்லார் முன்னாடியும் கேக்கணும். எங்க ஊர்ல என் பழைய மாணவிங்ககூட என்னப் பாத்து விசில் அடிக்குதுங்க. உங்களாலதான். கேளுங்க, நான் மேலே போயிடறேன்."

ஆறாம் பிரிவு முழுக்கக் காத்திருந்தது. ரிம்மா வாயைத் திறந்தாள். உல்யானாவுக்காக அவள் பனியில் நின்றிருக்கிறாள், காய்ச்சலோடு ரயில் ஏறியிருக்கிறாள், தங்கையை இழந்திருக்கிறாள். இது ஒரு வார்த்தை. அந்த வார்த்தை வெளியே வரவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டாள். சுருட்டிய பதாகையைப் பிரித்தாள்.

"மறுபடி கட்டப்போறியா?" ஸோயா பதறினாள். "அந்தப் பொண்ணு இப்பத்தான கெஞ்சிட்டுப் போறா!"

ரிம்மா துணியைத் திருப்பினாள். நீலமும் மஞ்சளும் தன் முழங்காலைப் பார்க்க, படுக்கைவிரிப்பின் வெள்ளை தளத்தைப் பார்க்கும்படி வைத்துக் கயிறுகளைக் கட்டினாள். தையல் கோடுகள் கிட்டே வந்து பார்த்தால்தான் தெரிந்தன. ஒரு மூலையில் துவைத்தும் போகாத பழைய தேநீர்க் கறை.

"துணி இருக்கு" என்றாள். "கயிறு இருக்கு. இடம் என்னோடது."

எம்மா கார்லவ்னா அந்த வெள்ளையைப் பார்த்தாள். சட்டப்படி சொல்ல ஒன்றுமில்லை என்பது தெரிந்ததும் அவள் முகம் சிவந்து, பிறகு மலர்ந்தது.

"வெள்ளைக் கொடி" என்றாள், மேல்வரிசைக்குக் கேட்கும்படி. "பாருங்க எல்லாரும். பீட்டர்ஸ்பர்க் சரணடைஞ்சிடுச்சு."

அன்று பகல் முழுக்க அந்தக் கேலி ஓடியது. மற்ற பிரிவுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டி நடந்தான். ஒருத்தி படமெடுத்து அனுப்பினாள். ஸோயாவின் போன் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பையின் அடியில் போட்டு மேலே ரொட்டிப் பொட்டலத்தை வைத்தாள். ரிம்மா சாப்பிடவில்லை. கழிப்பறைக்குக்கூடப் போகவில்லை. இரண்டு கையையும் கம்பியில் அகலமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஆட்களிலேயே சிலர், பக்கத்தில் இருந்தால் தங்களையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்று பிரிவு மாறிப்போனார்கள். போகிறவர்களின் பெயரை அவள் மனதில் வைத்துக்கொண்டாள்.

மாலையில் மண்டபம் நிறைந்தது. மிலானா தவறில்லாமல் ஆடினாள். அவளுக்குப் பொம்மைகளும் பூங்கொத்துகளும் விழுந்தன, பொறுக்கும் சிறுமிகள் பனியில் குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். ரிம்மா கைதட்டவில்லை. அப்படித் தட்டும் வழக்கம் அவளிடம் கிடையாது.

உல்யானா வந்தாள். முதல் திருப்பங்கள் முடிந்தன. பின்பக்கமாக அந்த நீண்ட வழுக்கல் தொடங்கியது. தளத்தின் குறுக்கே அவள் முகம் ஆறாம் பிரிவை நோக்கியே விலகிப்போனது. அந்த முகத்தில் எதுவும் இல்லை. பார்க்க ஒன்றுமில்லாத இடத்தைப் பார்க்கிற முகம். தாவினாள். மேலே கட்டு இறுகியது, மூன்று சுற்று, ஒற்றைக் காலில் இறங்கினாள், சத்தமே இல்லாமல்.

மண்டபம் எழுந்தது. ஸோயா அழுதுகொண்டே ரிம்மாவின் தோளை உலுக்கினாள். ரிம்மா எழுந்திருக்கவில்லை. அவள் யோசித்த வாசகமும், அவள் தைத்த எழுத்துகளும் கண்ணில் படாமல்தான் அந்தத் தாவல் வந்தது. இனி இதை எல்லோரும் சொல்வார்கள். அவளும் பார்த்துவிட்டாள்.

ஆட்டம் முடிந்து உல்யானா நான்கு பக்கமும் குனிந்து வணங்கினாள். ஆறாம் பிரிவுக்கும் வணங்கினாள், மற்ற பிரிவுகளுக்கு எவ்வளவோ அவ்வளவு.

புள்ளிகள் வந்தன. உல்யானா முன்னால், மிலானா பின்னால், இடைவெளி மெல்லியது. எம்மா கார்லவ்னா படியிறங்கி வந்து ரிம்மாவின் காதருகே குனிந்தாள். அவளுக்கும் நாள் முழுக்கக் காத்திருந்த களைப்பு இருந்தது. கட்டுப்பல்லை நாக்கால் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

"இப்பவாவது சொல்லுங்க, ரிம்மா லெவோவ்னா. டிசம்பர்ல விசில் அடிச்சது யாரு?"

"நீங்கதான்."

"அந்தப் பொண்ணே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா."

"அவளுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுச்சு."

எம்மா கார்லவ்னா நிமிர்ந்தாள். "நாளை மறுநாள் நீங்க எப்ப வர்றீங்களோ, அதுக்கு முன்னாடி நான் வருவேன்" என்றாள். "முடிச்சத் தொடமாட்டேன். இங்கயே பக்கத்துல உக்காந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"உக்காருங்க."

நாளை மறுநாள் இரண்டாம் சுற்று, நீண்ட ஆட்டம். அதில் லூட்ஸ் இரண்டு முறை வரும். கூட்டம் கலைந்து படியேறிக்கொண்டிருந்தது. ரிம்மா குனிந்து, கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். தளர்ந்திருந்த ஒன்றைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.